சிவப்பு வாஷர் போட்ட கொக்கிகள்

பிசைந்து வைத்த மாவின் நட்டநடுவில் ஒரு சொட்டு விழுந்தது. வெறும் தண்ணீர் என்றால் வழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது பழுப்பாக, கொழகொழவென்று, துருவோடு வேறு எதுவோ கலந்த நாற்றத்தோடு விழுந்தது. ரொட்டிக்காரம்மா குனிந்து முகர்ந்து பார்த்தாள்.  வீட்டுக்கென்று ஓரமாக எடுத்து வைத்திருந்த இரண்டு உருண்டைகளையும் சேர்த்து, மொத்த மாவையும் வாளியில் வழித்துக் கொட்டினாள். அவளுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று என்று தினமும் எடுத்து வைப்பாள். இன்று அதுவும் போயிற்று.

இதில் விசேஷம் என்னவென்றால், மழை இன்னும் வரவே இல்லை. சாயங்காலத்துக்குள் பெருங்காற்றும் மழையும் வரும், தகரக் கூரை போட்டவர்கள் எல்லாம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று ரேடியோவில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு இலை கூட அசையவில்லை. மழை வருவதற்கு முன்பே ஒழுகத் தொடங்கிய கூரை அந்தத் தெருவில் அவளுடையது ஒன்றுதான்.

காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கூரைக்கு மேலே கிடக்கும் சமாச்சாரங்கள்தான் காரணம். அவற்றை வைத்தவர் அவளுடைய புருஷனின் அண்ணன். தெரு முழுக்க அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். எப்போதோ ஒரு கட்டட வேலையில் சில மாதம் சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து சுவர், தூண், கூரை என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவர் சொல்வதுதான் முடிவு. சிலர் மரியாதையாக மேஸ்திரி என்பார்கள். சிலர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேஸ்திரியின் வீடு பக்கத்திலேயே ஒட்டினாற்போல இருந்தது. காங்கிரீட் வீடு. அவர் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே ரொட்டிக்காரம்மாவின் தகரக் கூரை. காற்று தூக்கத்தான் பார்க்கும், நாம் அமுக்க வேண்டும், அதுதான் மொத்த வித்தையும் என்பது அவர் கட்சி. அதனால் தன் வீட்டில் எது உடைந்தாலும், எது நாறினாலும், அதைத் தம்பி வீட்டுக் கூரைக்குப் பாரம் என்று சொல்லி மாடியிலிருந்து இறக்கிவிடுவார். தேய்ந்த டயர், ஓட்டை விழுந்த தொட்டி, மண் மூட்டை, பழைய கதவு. குளியலறையைப் புதுப்பித்தபோது பழைய கக்கூஸ் பீங்கான் கூட வந்து சேர்ந்தது. ரொட்டி சுடும் அறைக்கு மேலே கக்கூஸ் பீங்கானா என்று அவள் கேட்டதற்கு, நல்ல கனம் என்று பதில் வந்தது.

அவள் கத்தாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அந்த அறை. செங்கல்லும் களிமண்ணும் வைத்து அவளே கட்டி, அவளே பூசிய அடுப்பு அங்கே இருந்தது. தெருவில் பாதி வீடுகளுக்குக் காலை ரொட்டி அந்த அடுப்பிலிருந்துதான் போகிறது. நனைந்தால் அந்த அடுப்பு உதிர்ந்துவிடும். போன முறை காற்றில் ஒரு தகரம் எழும்பிப் படபடவென்று அடித்து, மழை நேரே அடுப்பில் இறங்கி, பாதி அடுப்பு சேறாகிப் போயிற்று. மறுபடி கட்டிக் காய வைத்து முதல் ரொட்டியை எடுப்பதற்குள் அவள் வாடிக்கையில் பாதிப் பேர் வேறு கடையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் அவள் எழுந்திருக்க முடியாது. கூரை நின்றால் அவள் பிழைப்பு நிற்கும்.

அதற்காகத்தான் அவள் கொக்கி வாங்கினாள். வளைந்த பக்கம் கூரைக்குக் கீழே ஓடும் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொள்ளும், நேரான பக்கம் தகரத்துக்கு வெளியே வந்து நட்டு போட்டு இறுகும், இடையில் தண்ணீர் இறங்காமல் ஒரு ரப்பர் வாஷர் என்று கடைக்காரர் காட்டிக் கொடுத்தார். கறுப்பு வாஷரும் இருந்தது, சிவப்பு வாஷரும் இருந்தது. சிவப்புதான் வெயில் தாங்கும் என்றார். கூரை மொத்தத்துக்கும் சிவப்பாகவே வாங்கி வந்து புருஷன் கையில் கொடுத்தாள். அண்ணனும் தம்பியும் மேலே ஏறி ஒரு பகல் முழுக்கத் தட்டுதட்டென்று தட்டினார்கள். இறங்கி வந்து, சுடச்சுட ரொட்டியை வயிறு முட்டத் தின்றுவிட்டு, இனி யானை கட்டி இழுத்தாலும் கூரை வராது என்று மேஸ்திரி ஏப்பம் விட்டார். அவளும் நம்பினாள்.

மேலே ஏறிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் தகரத்தில் எங்கே மிதிக்க வேண்டும் என்று தனக்கு மட்டும்தான் தெரியும், அவள் ஏறினால் நசுங்கிப் போகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கீழேயிருந்தும் தெரியாது. துருத்தூள் மாவில் விழாமல் இருக்க அறைக்குள் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தாள். புகை படிந்து கறுத்துப் போன அந்தத் தார்ப்பாய்க்கு மேலே என்ன இருக்கிறது என்று அவள் இத்தனை நாளும் பார்த்ததில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மேலே மாடியில் மேஸ்திரி நின்றிருந்தார். அவள் புருஷன் அவரோடு சேர்ந்து எதையோ கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தான். சலவைக் கடை வண்டி ஓட்டுகிறவன் அவன். காற்று வருகிறது என்று கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து அண்ணனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் தூக்கியது ஒரு மெத்தை. அவளுக்கு அந்த மெத்தையைத் தெரியும். மேஸ்திரியின் மாமனார் வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து, அதிலேயே எல்லாம் போய், அதிலேயே கண்ணை மூடிய மெத்தை. மாடியில் மழையிலும் வெயிலிலும் கிடந்து ஊறியிருந்தது. தகரத்தின் மேல் அது சொத்தென்று விழுந்த சத்தத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நல்லா அமுக்கும் என்று மேஸ்திரி மேலேயிருந்து சொன்னார். புருஷன் ஆமாம் என்று தலையாட்டினான்.

மேஸ்திரியின் ஏணி அவள் சுவரில்தான் சாத்தியிருந்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏறத் தொடங்கினாள். மாடியிலிருந்து புருஷன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, கீழே இறங்கி ஓடி வந்து சேர்வதற்குள் அவள் கூரை மேல் நின்றிருந்தாள். தகரம் நசுங்கவில்லை. கீழே யாரோ வந்து கூப்பிட்டதால் மேஸ்திரியும் உள்ளே போய்விட்டார். கூரை மேல் அவளும் அந்தக் குப்பையும் மட்டும்தான்.

அந்தக் கண்றாவியை எப்படிச் சொல்வது? டயர்களுக்குள் பச்சைத் தண்ணீர், அதில் நெளியும் புழு. பீங்கானுக்குள் பறவை எச்சமும் அழுகிய இலையும் சேர்ந்து கூழாகிக் கிடந்தது. மண் மூட்டை கிழிந்து, அதில் ஒரு எலி செத்துக் காய்ந்திருந்தது. பழைய கதவைப் புரட்டினால் கரப்பான் பூச்சிகள் நாலு பக்கமும் சிதறி ஓடின. இதற்கெல்லாம் அடியில் தகரம் ஈரத்திலேயே கிடந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. அந்தப் பச்சைத் தண்ணீர்தான் தகரத்தின் ஓட்டை வழியாகத் தார்ப்பாய்க்கு இறங்கி, தார்ப்பாயிலிருந்து அவள் மாவுக்கு இறங்கியிருக்கிறது. எத்தனை நாளாக இறங்கியதோ. அதை எண்ணியதும் அவளுக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தில் தள்ளினாள். மெத்தையைக் கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு காலால் உதைத்துத் தள்ளினாள். டயரைக் கவிழ்த்தபோது அந்தத் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பீங்கானை மட்டும் தள்ளவில்லை. மேஸ்திரியின் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு வெறும் தகரத்தைப் பார்த்தாள்.

கொக்கி ஒன்று கூட இல்லை. கொக்கிக்காகப் போட்ட ஓட்டை மட்டும் வரிசையாக இருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பிளாஸ்டிக் கயிற்றைக் கோர்த்துக் குழாயில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள், துணி காயப்போடுகிற கயிறு. வெயிலில் இற்றுப் போய், ஒன்றைத் தொட்டதும் கையோடு வந்தது. அப்படியானால் இத்தனை நாளும் அந்தக் கூரை நின்றது காற்று வராததால் மட்டும்தான்.

நிமிர்ந்தாள். மேஸ்திரியின் மாடியில், சாயங்காலம் காற்று வாங்குவதற்காக அவர் போட்டிருந்த தகரப் பந்தல் கண்ணெதிரே இருந்தது. பந்தல் முழுக்க, வரிசை பிசகாமல், சிவப்பு வாஷர்.

புருஷன் அதற்குள் முற்றத்தில் வந்து நின்றிருந்தான். குப்பைக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேலேயிருந்து கேட்டாள்.

"ஏங்க, நம்ம கொக்கி எங்க?"

அவன் மண்ணைப் பார்த்தான். காலால் ஒரு கல்லை உருட்டினான்.

"அண்ணனுக்குப் பந்தல் போடணும்னு அவசரமா இருந்துச்சு. நமக்குத்தான் பாரம் இருக்கேன்னாரு. எப்படி இல்லன்னு சொல்றது?"

"அப்ப ஒரு பகல் பூரா மேல உக்காந்து என்ன தட்டினீங்க?"

"சும்மாதான்... உனக்குக் கேக்கணுமேன்னு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். ரொட்டியைத் தின்றுகொண்டே தன் முகத்தைப் பார்த்துக் கூரை பலமாகிவிட்டது என்று சொன்ன இந்த வாய்தானே தினமும் தன்னோடு பேசுகிறது, தன் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறது என்று எண்ணினாள். மெத்தையைத் தொட்ட காலை விட அந்த எண்ணம்தான் அவளுக்கு அதிகம் கூசியது. வானம் ஒரு பக்கமாக இருண்டு வந்தது.

வண்டியில் இருக்கும் ஸ்பேனரை எடுத்து வரச் சொன்னாள். எதற்கு என்று கூடக் கேட்காமல் எடுத்து வந்து கொடுத்தான். சொன்னதைச் செய்வதில் அவனுக்கு நிகர் கிடையாது, யார் சொன்னார்கள் என்பது மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அவள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மாடிக்குப் போனாள். கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காலியான பந்தல் தகரங்களைக் கீழே இறக்கி மாடித் தரையிலேயே அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் சுவரோரம் இருந்த பீங்கானை மூச்சைப் பிடித்துத் தூக்கிச் சுவருக்கு மேலே உருட்டி, அந்தத் தகர அடுக்கின் மேல் வைத்தாள். நல்ல கனம்தான்.

கொக்கியைக் கூரைக்கு உள்ளேயிருந்து மேலே நீட்ட ஒரு ஆள் வேண்டும். அவள் கூரைக்குத் திரும்பிக் கொக்கிகளை மட்டும் இறக்கிக் கொடுத்ததும் புருஷன் உள்ளே போனான். மேசை மேல் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்தான். துருவும் பல்லியும் அழுக்குத் தண்ணீரும் தன் தலையிலேயே கொட்டியதை அவன் அலறிய அலறலிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள். ஆனாலும் நீட்டினான். ஓட்டை வழியாகக் கொக்கியின் நுனி வெளியே வரும், அவள் சிவப்பு வாஷரைப் போட்டு நட்டை இறுக்குவாள். அடுத்த ஓட்டையில் அடுத்தது. இடையில் அவன் விரல் நுனி கூட ஒரு முறை தெரிந்தது. அடுப்புக்கு மேலே இருந்த தகரம் முழுக்க இறுகியபோது, பரவாயில்லை, உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அண்ணன் கண்ணில் படாத இடத்தில் நிற்பதால்தான் அந்த மனுஷன் இருக்கிறான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

காற்று கிளம்பியது. மாடிக் கதவு திறந்து மேஸ்திரி வெளியே வந்தார். பந்தல் இருந்த இடத்தையும், அடுக்கிய தகரத்தையும், அதன் மேல் உட்கார்ந்திருந்த பீங்கானையும் பார்த்தார். 

"என் பந்தல என்ன பண்ணி வெச்சிருக்க?"

அவள் நட்டை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பாரம் வெச்சிருக்கேன் அத்தான். அசையாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

 மேஸ்திரி உள்ளே போய் மாடிக் கதவைப் படாரென்று சாத்தித் தாழ் போட்டார். அடுத்த நிமிஷம் அவர் குரல் தெருவிலிருந்து கேட்டது. தம்பியைக் கூப்பிட்டு, தன் ஏணியை எடுத்து வரச் சொன்னார். திருட்டுத்தனம் பண்ணுகிறவளுக்குத் தன் ஏணி கிடையாது, மேலேயே கிடந்து புத்தி வரட்டும் என்றார்.

அவள் அடுத்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கி வரவில்லை. தகரத்தைத் தட்டினாள். வரவில்லை. ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தலையெல்லாம் துருவோடு புருஷன் ஏணியைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணன் கோவம் கொஞ்சம் தணியட்டும். நான் பேசிச் சொல்லி எடுத்துட்டு வரேன்" என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு ஏணியின் பின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பின்னாலேயே போனான்.

முதல் மழைத்துளி அவள் கழுத்தில் விழுந்தது. ஓரத்து வரிசை ஒன்று மட்டும் பாக்கி. அதை மேலேயிருந்து அவளால் செய்ய முடியாது. உள்ளே போய்க் கம்பியால் குழாயோடு கட்டினால்தான் உண்டு. காற்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. கீழே முற்றத்தில் குப்பைக் குவியல், அதற்கு மேலே, விரித்துப் போட்டாற்போல அந்த மெத்தை.

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள்.

மெத்தை அவளைத் தாங்கியது. தாங்கியதோடு விடவில்லை, உள்ளே ஊறியிருந்ததையெல்லாம் கக்கியது. முழங்கை வரை அதில் புதைந்தது. முகத்தில் தெறித்தது. உதட்டில் கூடப் பட்டது. எழுந்து நிற்பதற்குள் வாந்தி வந்துவிட்டது, குவியலின் மேலேயே எடுத்தாள். குழாயடியில் இரண்டு குடம் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டு, அழுகிற நேரம் இதுவல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளே ஓடி மேசை மேல் ஏறிக் கம்பியை முறுக்கினாள். கடைசி முறுக்கில் கையில் ரத்தம் வந்தது.

காற்று வந்தது. வந்த வேகத்துக்குத் தெருவே நடுங்கியது. தகரம் உறுமியது, குழாய் கிறீச்சிட்டது, ஓட்டை வழியாக அங்கங்கே தண்ணீர் சொட்டியது. அவள் அடுப்பின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அதன் பக்கத்திலேயே ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூரை எழும்பப் பார்த்தது, எழும்பவில்லை. புருஷன் வரவில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அண்ணன் வீட்டுக் காங்கிரீட்டுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்துகொண்டாள்.

காலையில் கதவைத் திறந்தபோது தெரு முழுக்கக் கிளையும் ஓலையும் கண்ணாடியும் கிடந்தன. அவள் கூரை இருந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது. மேஸ்திரியின் மாடித் தகரங்கள்தான் ஒன்று கூட இல்லை. ஒன்று தெருக்கோடியில் மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. பீங்கான் அவர் வீட்டு வாசலிலேயே விழுந்து சுக்கல் சுக்கலாகியிருந்தது.

அந்தச் சுக்கல்களுக்கு நடுவில் நின்று மேஸ்திரி தெருக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தம்பி வீட்டுக் கூரை ஏன் நின்றது? வருஷக்கணக்காகத் தான் வைத்த பாரம் அதை அப்படி அமுக்கிப் படிய வைத்திருக்கிறது. தன் தகரம் ஏன் போயிற்று? அவள் வைத்த பாரம் போதவில்லை, ஒரு பீங்கான் எந்த மூலைக்கு? கூரையில் வரிசையாகச் சிவந்திருந்த வாஷர்களுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். பக்கத்தில் புருஷன் நின்றிருந்தான். தலைமுடியில் நேற்றைய துரு இன்னும் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினான்.

கூட்டம் கலைந்ததும் அவன் ஏணியோடு முற்றத்துக்குள் வந்து சுவரில் சாத்தினான்.

"இன்னொரு காத்து வருதாம். கீழ கெடக்குறதத் திரும்ப மேல ஏத்திடச் சொன்னாரு அண்ணன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த முகம். நேற்று ஓட்டை வழியாக வந்த அந்த விரல் நுனியைத் தேடிப் பார்த்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"அந்த ஏணிய எடுங்க" என்றாள்.

எடுத்தான்.

"தோள்ல வைங்க."

வைத்தான்.

"கொண்டு போய் உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டு, நீங்களும் அங்கயே இருந்துக்குங்க."

அவன் ஏணியைத் தோளில் சரிசெய்துகொண்டான். ஏதாவது சொல்வான், கத்துவான், குறைந்தது ஏணியையாவது கீழே போடுவான் என்று அவள் பார்த்தாள். அவன் திரும்பி நடந்தான். வாசலில் ஏணி சுவரில் இடித்தது. நேராக்கிக்கொண்டு, தலையைத் திருப்பிக் கேட்டான்.

"ரொட்டிய நான் வந்து வாங்கிக்கவா, இல்ல அங்க குடுத்தனுப்புவியா?"

அவள் கதவைச் சாத்தினாள். கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். புது மாவைப் பிசைந்து உருட்டி, வீட்டுக்கென்று ஓரமாக ஒரே ஒரு உருண்டையை எடுத்து வைத்தாள்.